த்யூஷ் குடும்பம் அமெரிக்கா போனால் பிரான்ஸ் ஏன் சிரிக்கிறது?

கேள்வி சுருக்கமாக இது: "லே த்யூஷ் வரிசையின் இரண்டாவது படத்தை, அதாவது வேலைவெட்டி இல்லாத ஒரு பிரெஞ்சுக் குடும்பம் அமெரிக்கா போகும் கதையை, அரை மணி நேரம் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். சிரிப்பே வரவில்லை. ஆனால் பிரான்சில் 46 லட்சம் பேர் தியேட்டருக்குப் போய் இதைப் பார்த்திருக்கிறார்களாம். அவர்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்கள்?"

நியாயமான கேள்வி. நானும் முதல் தடவை சிரிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லில் நகரத்துக்குப் பக்கத்தில் ஏழு வருடம் இருந்தேன். ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு பார்க்கும் வேலை. 2016 பிப்ரவரியில் படம் வந்த முதல் வாரமே, கூட வேலை பார்த்த நாலு பேர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அரங்கு நிறைந்திருந்தது. பாட்டி, அம்மா, பேரன் என்று வரிசை வரிசையாகக் குடும்பங்கள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்க, நான் மட்டும் தெரியாத வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி இருந்தேன். பிரெஞ்சு தெரியும், வசனமும் புரிந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை.

படம் முடிந்து வெளியே வந்ததும் வழக்கம்போல ஃப்ரித், அதாவது பொரித்த உருளைக்கிழங்குக் கடைக்குப் போனோம். வடக்கு பிரான்சில் இதைச் சொல்லாமல் எதையும் விளக்க முடியாது. நாற்சந்தியிலோ சர்ச் வாசலிலோ ஒரு வண்டி நிற்கும். உருளைக்கிழங்கை விரல் பருமனுக்கு நறுக்கி, முதலில் மிதமான சூட்டில், சுமார் 150 டிகிரியில், நிறம் மாறாமல் வேகவிடுவார்கள். எடுத்து ஆறவைப்பார்கள். ஆள் வந்து கேட்ட பிறகுதான் 180 டிகிரியில் இரண்டாவது தடவை போட்டு மொறுமொறுவென்று எடுப்பார்கள். பழைய ஆட்கள் இன்னும் மாட்டுக்கொழுப்பில்தான் பொரிப்பார்கள். தாளில் சுருட்டி, உப்பு போட்டு, வினிகர் தெளித்துக் கொடுப்பார்கள். அதுதான் ராத்திரிச் சாப்பாடு. அந்த வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, ஏன் இவ்வளவு சிரித்தாய் என்று பக்கத்தில் நின்றவனைக் கேட்டேன். அவன் தாத்தா சுரங்கத்தில் இறங்கியவர், அப்பா நெசவாலையில் இருந்தவர், அவன் என்னோடு கிடங்கில். "உனக்கு அந்த ஆள் காமெடியன். எனக்கு அவன் என் பெரியப்பா" என்றான்.

சரி, அந்தப் பெரியப்பா யார் என்று பார்ப்போம்.

பெயர் ஜெஃப் த்யூஷ். நடிப்பது ழான்-போல் ரூவ். தலைமுடி முன்னால் குட்டை, பின்னால் தோள்வரை நீளம். எண்பதுகளில் உலகம் முழுக்க ஓடி, பிறகு எல்லாரும் வெட்கப்பட்டு மறந்த அந்த வெட்டு. மனைவி காத்தியாக இஸபெல் நாந்தி. குடும்பத்தின் ஊர் பூஸோல். வரைபடத்தில் தேடாதீர்கள், கற்பனை ஊர். மூன்று பிள்ளைகள். மூத்தவன் வில்ஃப்ரீட், 'த்யூஷ் டாடி' என்ற பெயரில் ராப் பாடகனாகும் கனவில் இருப்பவன். மகள் ஸ்தெஃபானி. கடைக்குட்டி டோனல்ட். வீட்டில் இவன் ஒருவனுக்குத்தான் படிப்பு ஏறுகிறது. இவனை வீட்டில் யாரும் டோனல்ட் என்று கூப்பிடுவதில்லை, 'குவேன்-குவேன்' என்பார்கள். இங்கேயே உங்களுக்கு ஒரு ஜோக் போய்விட்டது. பிரான்சில் வாத்து 'குவாக் குவாக்' என்று கத்தாது, 'குவேன் குவேன்' என்றுதான் கத்தும். டோனல்ட் என்றால் டிஸ்னி வாத்து. பிள்ளைக்கு அமெரிக்கப் பெயர் வைத்துவிட்டு, அவனைப் பிரெஞ்சு வாத்தின் குரலில் கூப்பிடும் குடும்பம் இது. சப்டைட்டில் போடுபவர் இதை என்ன செய்வார், பாவம்.

அப்புறம் பாட்டி. 'மமி ஸூஸ்'. க்ளேர் நதோ நடித்தது. ஸூஸ் என்பது ஜென்ஷன் என்ற மலைச்செடியின் வேரிலிருந்து எடுக்கும் மஞ்சள் நிறக் கசப்பு மது. சாப்பாட்டுக்கு முன் குடிப்பது, பழைய கஃபேக்களின் பானம். பாட்டி பேசும் மொழி உலகில் எந்த மொழியும் இல்லை. வீட்டார் மட்டும் இயல்பாகப் பதில் சொல்லிக்கொண்டே போவார்கள். இந்த ஒரு ஜோக்கை ஐந்து படமும் விடாமல் இழுத்திருக்கிறார்கள். முதல் படத்தில் அருமை, மூன்றாவதில் பழகிவிட்டது, அதற்கு மேல் எனக்குச் சலிப்பு.

2011 ஜூலை 1 அன்று வந்த முதல் படத்தில்தான் எல்லாம் தொடங்குகிறது. இயக்கியது ஒலிவியே பரூ. நடிகர் காத் மெராத்துடன் சேர்ந்து இரட்டையராக நகைச்சுவை செய்து புகழ்பெற்றவர். எழுதியவர்களில் ஃபிலிப் மெஷெலென், ஜூலியேன் எர்வே இருவரும் 'லே கிஞோல்' என்ற பொம்மலாட்ட அரசியல் நையாண்டி நிகழ்ச்சிக்கு எழுதியவர்கள். இந்த விவரத்தை மனதில் வையுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

கதை ஒரு வரிதான். மனிதன் வேலை செய்யப் பிறந்தவன் இல்லை என்பதைக் குலக்கொள்கையாக வைத்திருக்கும் குடும்பத்துக்கு லாட்டரியில் 10 கோடி யூரோ விழுகிறது. அன்றைய மதிப்பில் 600 கோடி ரூபாய்க்கு மேல். குடும்பம் மூட்டை முடிச்சோடு மொனாக்கோவுக்குக் குடிபோகிறது. அதாவது முதல் படமே வெளிநாட்டுப் படம்தான். மொனாக்கோ சுமார் இரண்டு சதுர கிலோமீட்டர். ஆனாலும் தனி நாடு, தனி இளவரசர். மகளுக்கு ஸ்தெஃபானி என்று பெயர் இருப்பதைக் கவனியுங்கள், அது மொனாக்கோ இளவரசியின் பெயர். ஹாலிவுட் நடிகை கிரேஸ் கெல்லி 1956ல் அங்கே இளவரசர் ரெய்னியேயைக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து, அந்த அரண்மனைக் கதைகளை வாராவாரம் பத்திரிகையில் படித்து வளர்ந்த தலைமுறை பிரான்சில் உண்டு. சலூனிலும் டாக்டர் வீட்டு வரவேற்பறையிலும் அந்தப் பத்திரிகைகள்தான் கிடக்கும். மொனாக்கோ என்றால் காத்தி மாதிரிப் பெண்களுக்குப் பணக்கார நாடு என்று மட்டும் தோன்றாது. கிட்டத்தட்டச் சொந்தக்காரர் வீடு மாதிரி. அங்கே யாருக்கு யார் மகள், யார் யாரை விட்டுப் போனார் என்பதெல்லாம் அத்துப்படி.

இதில் படம் கண்டுகொள்ளாத ஒரு வேடிக்கையும் உண்டு. மொனாக்கோவில் வசிப்பவர்களுக்கு வருமான வரி கிடையாது. அதனால்தான் உலகப் பணக்காரர்கள் அங்கே அடுக்குமாடியில் அடைந்து கிடக்கிறார்கள். ஆனால் ஒரு நாட்டுக்காரர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை: பிரெஞ்சுக்காரர்களுக்கு. தன் குடிமக்கள் வரிக்குப் பயந்து அங்கே ஓடுவதைப் பார்த்துக் கடுப்பான அன்றைய பிரெஞ்சு ஜனாதிபதி ஜெனரல் தெ கோல், 1962 அக்டோபரில் மொனாக்கோ எல்லையில் சுங்கச் சோதனையைப் போட்டார். அடுத்த வருடம் மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் பிறகு அங்கே குடிபோகும் பிரெஞ்சுக்காரர், பிரான்சிலேயே இருப்பதுபோல் வருமான வரி கட்ட வேண்டும். ஆக, ஜெஃப் த்யூஷுக்கு மொனாக்கோவால் வரியில் ஒரு காசு லாபமில்லை. பணத்தைப் பதுக்க வந்த கூட்டத்தின் நடுவே ஆசைக்காக மட்டும் வந்த ஒரே குடும்பம்! எழுத்தாளர்கள் இதை யோசித்தார்களா தெரியாது. எனக்கு மட்டும் இது தெரிந்த பிறகு அந்தப் படம் இன்னும் பிடித்துப்போனது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடைபிடிப்பான்" என்கிறோம். எல்லா ஊரிலும் இந்தக் கதை உண்டு. திடீர்ப் பணக்காரன் பெரிய மனிதன் வேஷம் போடுவான், வேஷம் கலையும், நாம் சிரிப்போம். நீங்கள் த்யூஷ் படத்தையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஜெஃப் எப்போது அசடு வழிவான் என்று காத்திருந்திருப்பீர்கள். அவன் வழியவே மாட்டான். ஏனென்றால் அவன் வேஷமே போடுவதில்லை. அர்த்தராத்திரியில் குடை பிடிப்பது தப்பு என்றே அவனுக்குத் தெரியாது. யாராவது சொன்னாலும், "உனக்கும் வேணுமா, உள்ளே வா" என்று கூப்பிடுவான். அதனால் சங்கடம் முழுக்க எதிரில் நிற்கிறவன் தலையில் விழுகிறது. பிரெஞ்சுக் கூட்டம் சிரிப்பது எதிரில் நிற்கிறவன் முகத்தைப் பார்த்து.

அந்த முகம் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த முகம். பிரெஞ்சில் 'போஃப்' என்று ஒரு வசைச்சொல் உண்டு. ரசனை கெட்டவன், சத்தமாகப் பேசுகிறவன், பட்டிக்காட்டான் எல்லாம் சேர்ந்தது. அந்தச் சொல்லின் மூலம் மச்சான். மச்சான் என்பதற்கான பிரெஞ்சு வார்த்தையைச் சுருக்கினால் போஃப். 1970களில் கபூ என்ற கார்ட்டூனிஸ்ட் தடித்த மீசைக்காரப் பாத்திரம் ஒன்றுக்கு இந்தப் பெயரைக் கொடுத்து அதை நாடு முழுக்கப் பரப்பினார். (2015 ஜனவரியில் சார்லி எப்தோ என்ற நையாண்டிப் பத்திரிகையின் அலுவலகத் தாக்குதலில் கொல்லப்பட்டவர்களில் அவரும் ஒருவர்.) நமக்கு மச்சான் என்றால் தோளில் கை; அங்கே மூக்கைச் சுளிப்பு. ஆனால் யோசித்துப் பாருங்கள், எவ்வளவு மூக்கைச் சுளித்தாலும் மச்சான் குடும்பத்து ஆள்தானே? ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அவன் வந்தே தீருவான். என் நண்பன் பெரியப்பா என்று சொன்னதும் இதைத்தான்.

இன்னொன்று, படம் வந்த நேரம். 2008 நெருக்கடிக்குப் பிறகு வேலையின்மை ஏறிக்கிடந்த காலம். வேலையில்லாதவர்களுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் தரும் உதவித்தொகை 2009ல் புது வடிவில் வந்தது. "நாங்கள் உழைக்கிறோம், அவர்கள் உட்கார்ந்து தின்கிறார்கள்" என்ற பேச்சும் கூடவே வந்தது. 2011 மே மாதம் லொரான் வோக்கியே என்ற அமைச்சர், அரசு உதவியை அண்டிப் பிழைக்கும் இந்தப் போக்கை பிரெஞ்சு சமூகத்தின் புற்றுநோய் என்றே பேசினார். பெரிய சர்ச்சை. ஏழு வாரம் கழித்து, உட்கார்ந்து தின்பதைக் குலதர்மமாகச் சொல்லும் குடும்பம் வெள்ளித்திரைக்கு வருகிறது. விமர்சகர்கள் இரண்டு பக்கமும் அடித்தார்கள். ஏழைகளைக் கேலி செய்கிறது என்றார்கள் சிலர், மட்டமான ரசனை என்றார்கள் சிலர். தியேட்டரில் சுமார் 15 லட்சம் பேர் பார்த்தார்கள். நல்ல ஓட்டம், அவ்வளவுதான். பிறகு டிவியில் மறுபடி மறுபடி போட்டுத்தான் அது வீட்டுப் படமாக ஆனது. அதனால்தான் ஐந்து வருடம் கழித்து இரண்டாவது படத்துக்கு 46 லட்சம் டிக்கெட் போயிற்று. (அங்கே வசூலைச் சொல்ல மாட்டார்கள், டிக்கெட் எண்ணிக்கையைத்தான் சொல்வார்கள்.) அந்த வருடம் வேறு எந்தப் பிரெஞ்சுப் படமும் அதைத் தொடவில்லை.

நீங்கள் நேராக அந்த இரண்டாவது படத்தில் நுழைந்திருக்கிறீர்கள். தெரியாத வீட்டுக் கல்யாணம்.

அதில் கதை, டோனல்ட் லாஸ் ஏஞ்சலீஸில் படிக்கிறான், அவன் பிறந்தநாளுக்கு மொத்தக் குடும்பமும் சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்குகிறது. பையனுக்கு அங்கே ஒரு பெண்ணோடு காதல், பெண் வீட்டார் பணக்காரர்கள். தன் வீட்டாரை அவர்கள் முன் நிறுத்தப் பையனுக்குக் கூச்சம். இதற்கு மேல் கதை வேண்டாம், பெரிதாக இல்லவும் இல்லை. அமெரிக்கர்கள் எல்லாம் அட்டையில் வெட்டிய பொம்மைகள். நடுப்பகுதி தொய்வு. நான் அதை நல்ல படம் என்று வாதாட மாட்டேன்.

ஆனால் அந்தப் பயணத்தில் ஒரு கூர்மையான விஷயம் இருக்கிறது. பிரான்சில் ஒருவன் வாயைத் திறந்த அடுத்த நொடி அவன் ஜாதகமே தெரிந்துவிடும். எந்தப் பக்கத்து ஆள், எதுவரை படித்தான், அவன் அப்பா மேஜையில் உட்கார்ந்தாரா மெஷினில் நின்றாரா எல்லாம் உச்சரிப்பிலேயே இருக்கும். ஜெஃப் போன்றவர்கள் ஒரு வங்கிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போய் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் எதிரில் இருப்பவரின் புருவம் ஏறிவிடும். அதே ஜெஃப் கலிஃபோர்னியாவில் தத்துப்பித்து ஆங்கிலம் பேசினால் என்ன தெரியும்? பிரெஞ்சுக்காரன் என்பது மட்டும். ஆங்கிலத்தில் 'ஹ' வராமல் முழுங்குவதும், 'த' வர வேண்டிய இடத்தில் 'ஸ' போடுவதும் பாரிஸ் வங்கி முதலாளிக்கும் உண்டு, பூஸோல் ஜெஃபுக்கும் உண்டு. அமெரிக்கக் காதுக்கு இருவரும் ஒன்று. பிரெஞ்சில் 'தூ' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். யாரிடம் எதைச் சொல்வது என்பதில் தப்பினால் தொலைந்தான். ஆங்கிலத்தில் அந்தக் கண்ணிவெடியே இல்லை, எல்லாருக்கும் ஒரே 'யூ'.

சொந்த ஊரில் அவமானச் சின்னமாக இருந்த ஆள், கடல் தாண்டியதும் பிரான்சின் பிரதிநிதி ஆகிவிடுகிறான். ஊரில் மூக்கைச் சுளித்தவர்களுக்கு இதைவிட வேறு என்ன தண்டனை வேண்டும்? அமெரிக்கர்கள் பிரான்ஸ் என்று நினைத்துக்கொள்வது ஜெஃபின் முடிவெட்டையும் காத்தியின் பொரித்த உருளைக்கிழங்கையும்! நான் போன தியேட்டரில் கூட்டம் கொண்டாடியது இதைத்தான் என்று எனக்குப் பிறகு புரிந்தது. எங்களுக்கு லூவ்ர் அருங்காட்சியகமும் இல்லை, வாசனைத் திரவியமும் இல்லை, ஆனால் நாங்களும்தான் பிரான்ஸ். இதை யாரும் படத்தில் வசனமாகச் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் கெட்டிருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கலாம். பிரெஞ்சு நகைச்சுவைப் படங்களில் சாமானியன் வெளிநாடு போவது அபூர்வம். 1936ல் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை சட்டமான பிறகுதான் பல தொழிலாளர் குடும்பங்கள் முதல் தடவையாகக் கடலையே பார்த்தன. அதன் பிறகும் விடுமுறை என்றால் கூடாரம், இல்லையென்றால் மாமியார் வீடு. விமானம் ஏறுவது அடுத்த படி. அதனால் சினிமாவில் அவனை வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு சாக்கு வேண்டும். 1965ல் லூயி த ஃப்யுனேஸ் நடித்த போலீஸ்காரர் நியூயார்க் போனார். அரசாங்கம் மாநாட்டுக்கு அனுப்பியது, 'ஃபிரான்ஸ்' என்ற பெரிய கப்பலில் போனார். அதிலும் உலகமே வேறாக இருக்க, அவர் மட்டும் மாறாமல் இருப்பார். ஆனால் அவர் சீருடைக்காரர், ஊரில் கொஞ்சம் மிடுக்கு உள்ளவர். த்யூஷுக்கு அரசாங்கம் டிக்கெட் எடுத்துத் தராது. லாட்டரிதான் ஒரே வழி.

வர்க்கத்தை வைத்துச் சிரிக்கவைத்த படத்துக்கு மூதாதை வேறு: எத்தியேன் ஷத்திலியே 1988ல் எடுத்த 'வாழ்க்கை ஒரு நீண்ட அமைதியான ஆறு' என்று பெயர் வைத்த படம். வடக்கே ஒரு நகரம். அரசுக் குடியிருப்பில் க்ரோஸேய் குடும்பம், பங்களாவில் பக்திமிக்க லெ கெனுவா குடும்பம். தன்னைக் கைவிட்ட டாக்டர் மேல் உள்ள கோபத்தில் ஒரு நர்ஸ் இரண்டு வீட்டுக் குழந்தைகளையும் மாற்றி வைத்துவிடுகிறாள். பன்னிரண்டு வருடம் கழித்து உண்மை வெளிவருகிறது. அந்தப் படம் இரண்டு பக்கமும் ஒரே அளவு விஷம் தடவியது. க்ரோஸேய்கள் திருடுவார்கள், பொய் சொல்வார்கள். பணக்கார வீட்டு நல்லொழுக்கம் அதைவிடச் சிரிப்பாக இருக்கும். த்யூஷில் அந்த விஷம் இல்லை. ஜெஃப் திருட மாட்டான், யாரையும் வெறுக்க மாட்டான். ஏழையை இவ்வளவு சர்க்கரை போட்டுக் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை. ஏழைகளுக்குக் கோபமும் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. அந்த வட்டாரத்தில் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 1990 டிசம்பரில் மூடப்பட்டது. நெசவாலைகள் அதற்கு முன்பே ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. என் நண்பனின் அப்பா அதைப் பற்றிப் பேசும்போது ஜெஃப் மாதிரிச் சிரிக்க மாட்டார்.

அந்தக் கோபம் கொஞ்சம் எட்டிப் பார்ப்பது 2018 ஜனவரியில் வந்த மூன்றாவது படத்தில். இது வெளிநாட்டுப் படமில்லை, ஆனாலும் வரிசையில் எனக்குப் பிடித்தது இதுதான். அதிவேக ரயில் பூஸோல் பக்கம் வருகிறது என்று ஜெஃப் சந்தோஷப்படுகிறான். ரயில் வருகிறது, ஆனால் நிற்காமல் போய்விடுகிறது. ஜனாதிபதியிடம் சொல்லப் பார்க்கிறான். எலிசே மாளிகையிலிருந்து பதில் இல்லை. சரி, நாமே ஜனாதிபதி ஆகிவிடுவோம் என்று தேர்தலில் நிற்கிறான். பொம்மலாட்ட நையாண்டி எழுதியவர்கள் என்று மேலே சொன்னேனே, அந்தக் கை இங்கேதான் நன்றாக வேலை செய்கிறது. 56 லட்சத்துக்கு மேல் டிக்கெட். அதிகம் பேர் பார்த்த பிரெஞ்சுப் படத்துக்கு அப்போது தந்துகொண்டிருந்த செசார் (பிரான்சின் தேசியத் திரைப்பட விருது) மக்கள் விருதும் 2019ல் இதற்கே போனது; படத்தைத் திட்டிய அதே சினிமா உலகம் மேடையேற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. படம் வந்த பத்தாவது மாதம், நவம்பர் 17 அன்று, மஞ்சள் அங்கி அணிந்த போராட்டக்காரர்கள் நாடு முழுக்க ரவுண்டானாக்களை மறித்து உட்கார்ந்தார்கள். பலர் ரயில் நிற்காத ஊர்க்காரர்கள். அவர்கள் கோபத்துக்கு உடனடிக் காரணம் டீசல் வரி. கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாத ஊரில் டீசல் வரி என்றால் என்ன என்று பாரிஸ்காரர்களுக்குப் புரியவைக்க அந்த நிற்காத ரயில் ஒரு காட்சியே போதும்.

நாலாவது, 2021 டிசம்பரில் வந்த கிறிஸ்துமஸ் கதை. பெரிய இணைய வணிக நிறுவனத்தோடு மோதல். விட்டுவிடலாம். ஐந்தாவது 2025 பிப்ரவரியில். பேரனுக்கு இங்கிலாந்தில் கால்பந்துப் பயிற்சிக்கு இடம் கிடைக்க, குடும்பம் சார்ல்ஸ் மன்னரின் நாட்டுக்குப் படையெடுக்கிறது. இந்தத் தடவை ரூவே இயக்கினார். அரசனின் தலையை வெட்டிய நாட்டிலிருந்து வந்த ஏழைகள், அரசன் இருக்கும் நாட்டைப் பார்த்து வாய் பிளப்பது நல்ல யோசனை. மொனாக்கோ இளவரசிகள் மேல் காத்திக்கு இருந்த மோகத்தின் தொடர்ச்சி என்றும் சொல்லலாம். படமாக அமெரிக்கக் கதையைவிடக் கட்டுக்கோப்பு, முதல் படத்தைவிடப் புதுமை குறைவு.

நடிகர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவர்களைக் கோமாளிகள் என்று நினைத்துவிடக் கூடாது. ரூவ் வடக்கே டன்கர்க்கில் பிறந்தவர். நாஜி ஆக்கிரமிப்புக் காலக் கதை ஒன்றில் காட்டிக்கொடுப்பவனாக நடித்து 2003ல் இளம் நடிகருக்கான செசார் வாங்கியவர். வில்லனாக அவ்வளவு எரிச்சலூட்டத் தெரிந்தவர்தான் ஜெஃபை இவ்வளவு வெகுளியாகச் செய்கிறார். நாந்தியை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கலாம்: 'அமேலி'யில் எப்போதும் ஏதாவது நோய் சொல்லிக்கொண்டே இருக்கும் சிகரெட் கவுண்டர் பெண். மூத்தவனாக வரும் பியேர் லோத்தேன், 2024ல் வடக்குச் சுரங்க ஊர் ஒன்றின் பேண்டு வாத்தியக் குழுவைப் பற்றிய படத்தில் கேன்டீன் தொழிலாளியாக நடித்து எல்லாரையும் அசத்தினார். ராப் பாடகன் வேஷத்தில் கைகளை ஆட்டிக்கொண்டிருந்த அதே ஆள் என்று நம்பவே முடியாது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? அமெரிக்கக் கதையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு முதல் படத்திலிருந்து தொடங்குங்கள். ஆங்கில டப்பிங் கிடைத்தாலும் வேண்டாம். உச்சரிப்பு போனால் படத்தில் பாதி போய்விடும். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் குரலைக் கேட்டுக்கொண்டே சப்டைட்டில் படியுங்கள். ஜெஃப் பேசும்போது அவனைப் பார்க்காதீர்கள். யாரிடம் பேசுகிறானோ அவரைப் பாருங்கள், முக்கியமாக மொனாக்கோவில் அக்கம்பக்கத்தார் வரும் இடங்களில். அப்போதும் சிரிப்பு வரவில்லையென்றால் வற்புறுத்த மாட்டேன். க்ரோஸேய் குடும்பத்துப் படத்தைப் போட்டுப் பாருங்கள். அதில் பெரியப்பா யாரும் இல்லை, அதனால் தெரியாத வீட்டுக் கல்யாணம் என்ற பிரச்சினையும் இல்லை.